மஞ்சள் விளக்கின் மேல் ஒரு பிள்ளையார்

விளக்கு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சின்னிவிரல் நகமளவு மஞ்சள் வெளிச்சம். கார் ஓடுபவரின் முகத்துக்கு நேரே, வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, ஒரு மூலையில் இருக்கிறது. குறுக்கே வெட்டிய ரயர் ஒன்றின் படம். அதன் வயிற்றுக்குள் ஓர் உணர்ச்சிக்குறி. ஏதோ ஒரு சில்லில் காற்று இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம். இத்தனை காலமாக எழுதுகிறேன், என் வரிகளில் உணர்ச்சிக்குறி போட்டதில்லை. வாசிக்கிறவரின் தோளைப் பிடித்து உலுப்புகிற வேலை அது, எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்த ஒரு குறிக்காக, இந்த நகமளவு மஞ்சளுக்காக, கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் நடுவே நான் கோபத்தோடு அலைந்திருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவிடவும் எனக்கு விருப்பமில்லை.

கார் என் மனைவியுடையது. முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வரப்போகிற ஆட்கள் எல்லோரும் அதை மறந்துகொண்டே இருப்பார்கள். விசுவமடுவில், எங்கள் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில், அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பிக்கிறாள். அயலில் உள்ள சில பெண்கள் அவளோடு வேலை செய்கிறார்கள். வெள்ளைச் சட்டைகளையும் நீலக் காற்சட்டைகளையும் கட்டுக் கட்டாகப் பின்சீற்றில் அடுக்கி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் என்று கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பவளும் அவள்தான். எனக்கு மோட்டார்சைக்கிள் மட்டும் ஓடத் தெரியும். கார் பழகவில்லை, பழகும் ஆசையும் வரவில்லை. அவள் ஓட, பக்கத்தில் இருந்து யன்னலுக்கு வெளியே வெயிலையும் வயலையும் பார்த்துக்கொண்டு போவது என்னுடைய உத்தியோகம்.

அவளுக்கு இடது காது கேட்காது. சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்த அன்று போன காது. வலது காதில் மெசின் வைத்திருக்கிறாள். அதிலும் முகத்தைப் பார்த்துக் கதைத்தால்தான் சொல் முழுதாகப் பிடிபடும். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. இரக்கப்படுகிறவர்களைக் கண்டால் அவள் மெசினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். டொக்டரிடம் காட்டி, எல்லாம் ஒழுங்காகச் செய்துதான் லைசன்ஸ் எடுத்தாள். கண்ணாடிகளை அவள் பார்க்கிற மாதிரி வேறொருவர் பார்த்து நான் கண்டதில்லை. பக்கக் கண்ணாடி, நடுக் கண்ணாடி, முன்னால் உள்ள வட்டங்கள், மறுபடி பக்கக் கண்ணாடி. காதால் வரவேண்டியதையெல்லாம் கண்ணால் வாங்கிக்கொள்கிற ஓட்டம் அது.

இந்த மஞ்சள் விளக்கு அவளுக்கு எப்படிப் பழக்கமானது என்றால், ஒரு மழை நாளில் ஒட்டுசுட்டானைத் தாண்டி வரும்போது தண்ணீர் மூடிய குழி ஒன்றுக்குள் கார் விழுந்து எழும்பியது. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டினாள். இறங்கிப் பார்த்தால், இடது பக்கத்து ரிம் இரண்டும் நெளிந்து, ஒன்றின் விளிம்பால் காற்று சீறிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் நிறுத்தியவள் அவள். நான் பக்கத்தில் இருந்து, கேட்கிற காது இரண்டையும் வைத்துக்கொண்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெளிந்த ரிம்மைத் தட்டி எடுத்தால் நிற்காது என்றார்கள். அதே மாதிரி இரண்டு தனியே கிடைக்காது, செற்றாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அப்படித்தான் கிளிநொச்சியில் ஒரு ரயர்க் கடைக்குப் போனோம். பெரிய றோட்டுக் கரையில், வாசலில் பழைய ரயர்களுக்குள் பூங்கன்று நட்டு வைத்திருக்கிற கடை. முதலாளி என்னை விட இளையவர், நல்ல வாய், நல்ல சிரிப்பு. காலையில் காரை விட்டுவிட்டுப் பின்னேரம் போனோம். நாலு சில்லும் புதுசு, வெள்ளி போல மின்னுகின்றன. ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஒரு தேசிக்காய். அவள் ஏறி, காரை முன்னால் எடுத்து, தேசிக்காயை நசித்து, நிறுத்தினாள். நிறுத்தியதும் அந்த மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. மினுங்கி மினுங்கி, பிறகு அணையாமல் அப்படியே நின்றது.

“தம்பி, இது ஏன் எரியுது?” என்று கேட்டாள்.

முதலாளி என்னைப் பார்த்து, “அது ஒண்டுமில்லை அண்ணை, சும்மா லைற். புது ரிம்முக்கு அப்பிடித்தான்,” என்றார்.

“முந்தி எரியேல்லையே.”

“அது அண்ணை, பழைய ரிம்முக்குள்ள காத்துப் பாக்கிற சென்சர் இருந்தது. வால்வோட சேந்து ஒரு கறுப்புப் பெட்டி. அது இல்லாட்டிக் கார் இப்பிடி லைற்றைப் போட்டுத் தேடும். எங்கட றோட்டுக்கு உந்தச் சென்சர் ஒண்டும் தேவையில்லை.”

“அந்தப் பெட்டியள் இப்ப எங்கை?” கேட்டவள் அவள்தான். அவர் பார்த்தது என்னைத்தான்.

“பழைய இரும்புக்காரன் வந்தவன், ரிம்மோட ஏத்திக்கொண்டு போட்டான்.”

கழற்றி வைக்கவில்லை. கேட்கவும் இல்லை. ஒரு காரின் செவிப்புலனைப் பிடுங்கி நசுங்கிய வாளிகளோடும் துருப்பிடித்த கதவுகளோடும் லொறியில் ஏற்றிவிட்டு, ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவள் பொறுமையாகத்தான் இருந்தாள்.

“காத்து இறங்கினால் எனக்கு எப்பிடித் தெரியும்?”

“என்ன அக்கா இது! தபதபவெண்டு சத்தம் வருமே. கேட்ட உடனை நிப்பாட்ட வேண்டியதுதானே. எங்கட அப்பாமார் சென்சர் பாத்தே ஓடினவை?” வேலை செய்துகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“எனக்குக் கேக்காது,” என்றாள்.

இதை அவள் சுலபத்தில் வெளியாட்களிடம் சொல்ல மாட்டாள். அவர் அவளுடைய மெசினைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னிடம் வந்தார். “அப்ப அண்ணை ஓடலாம்தானே?”

“எனக்கு ஓடத் தெரியாது,” என்றேன்.

அதற்கு விழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, முதலாளி மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் பிள்ளையார் ஸ்ரிக்கரை எடுத்தார். புது ரயர் போடுகிற எல்லாருக்கும் அவர் கொடுப்பது. முன்கண்ணாடியில் ஒட்டத் தரப்போகிறார் என்று நினைத்தேன். மனுசன் கதவைத் திறந்து, குனிந்து, நெற்றியில் கையை வைத்துக் கும்பிட்டு, அந்த மஞ்சள் விளக்கு எரிகிற இடத்துக்கு நேரே, பிளாஸ்ரிக்கின் மேல், பிள்ளையாரை ஒட்டிவிட்டார்.

“இனி அவர் பாப்பார் அக்கா. நீங்கள் பயப்பிடாமல் ஓடுங்கோ.”

கறுப்பு ரேப் ஒட்டியிருந்தால் அந்த இடத்திலேயே உரித்து எறிந்திருப்பேன். கடதாசி ஒட்டியிருந்தால் கிழித்திருப்பேன். இதை என்ன செய்வது? பிள்ளையாரை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க எங்கள் ஊரில் யாருக்குத் துணிவு வரும்? எனக்கு வரவில்லை. ஒரு பொறுப்பில்லாத வேலையை மூடி மறைக்க, கேள்வியே கேட்க முடியாத ஓர் ஆளைக் கொண்டுவந்து முன்னால் இருத்திவிட்டார். அவர் பாட்டுக்கு மோதகத்தோடு இருந்தார். காரை ஸ்ராட் பண்ணும்போதெல்லாம் அவருடைய தோளின் ஓரத்தால் மஞ்சள் வெளிச்சம் கசிந்து கசிந்து மினுங்கியது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல.

அடுத்த நாளே உரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உரித்து என்ன பயன்? எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற விளக்கு எரியாத விளக்குக்குச் சமம். சென்சர் இல்லாத வரைக்கும் பிள்ளையார் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிரான்ஸில் இருக்கிற அவளுடைய தம்பிக்குச் சொன்னோம். “அக்கா, நான் இஞ்ச இருந்து ஒரிஜினல் வாங்கி அனுப்புறன், நீங்கள் உங்க கிடைக்கிற டுப்ளிக்கேற் ஒண்டும் போடாதேங்கோ,” என்று போனில் பெருமையாகச் சொன்னான். பார்சல் வரட்டும் என்று இருந்தோம்.

பார்சல் வருமுன் பயந்தது வந்தது.

நெடுங்கேணிக் கடைக்குச் சீருடைகளைக் கொடுத்துவிட்டுப் புளியங்குளத்துக்கு அவள் தனியே போய்க்கொண்டிருந்தாள். மத்தியான வெயில். இரண்டு பக்கமும் காடு, றோட்டில் ஈரம் காயாத யானை லத்தி. எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் ஒருவர் கையைத் தூக்கி ஆட்டினார். எங்கள் பக்கத்தில் காட்டு றோட்டில் எதிர்ப்படுகிறவர்கள் கை காட்டுவது புதினமில்லை; அவளும் சிரித்துக் கை காட்டினாள். கொஞ்சம் தள்ளி, விறகு கட்டிக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் கை ஆட்டினார்கள். அவர்களுக்கும் காட்டினாள். பிறகு சைக்கிளில் வந்த ஒருவர் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஆட்டினார். ‘இண்டைக்கு எல்லாருக்கும் என்ன சந்தோசம்,’ என்று நினைத்தாளாம். அவருக்கும் காட்டிவிட்டுப் போனாள்.

ரப்பர் எரிகிற மணம் வந்த பிறகுதான் நிறுத்தினாள். இடது பின் சில்லில் ரயர் என்று ஒன்று இல்லை. கிழிந்த கறுப்புத் துணி மாதிரி ரிம்மைச் சுற்றிக் கிடந்தது. அவர்கள் எல்லோரும் அவளுடைய சில்லைக் காட்டிக் கத்தியிருக்கிறார்கள். அவள் அவர்களுக்கு ராணி மாதிரிக் கையசைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

சில்லு மாற்ற அவளுக்குத் தெரியும். ஆனால் காட்டுக்குள், யானை முறிக்கிற கொப்பின் சத்தம்கூடக் கேட்காமல், முதுகைக் காட்டுக்குக் கொடுத்துக்கொண்டு குந்தியிருந்து நட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. நட்டை ஒரு சுற்றுச் சுற்றுவதும், எழும்பித் திரும்பிப் பார்ப்பதும், மறுபடி குந்துவதும். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். கை காட்டிய இடத்தை எழும்பி நின்று நடித்தும் காட்டினாள். தைக்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரவு ரோச் லைற்றோடு முற்றத்துக்குப் போய், நாலு சில்லையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்ததை நான் மட்டும் கண்டேன்.

கதை அவளுடைய தமையனுக்குப் போனது. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அடுத்த நாள் காலையே வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அவளைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், காரை வில். அவளுக்கு என்னத்துக்கு உந்த வேலை? உடுப்பை ஓட்டோவில அனுப்பலாம்.”

“அவள் கவனமாத்தான் ஓடுறவள்.”

“காது கேக்காத மனுசி கவனமா ஓடி என்ன? இண்டைக்கு ரயர். நாளைக்கு?”

அவள் குசினி வாசலில் நின்று அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் வாசித்திருப்பாள். “அண்ணை,” என்றாள். “போன மாசம் நீங்கள் உங்கட வானைக் கொண்டுபோய் மதகோட இடிச்சனீங்கள். உங்களுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். வானை வித்திட்டீங்களோ?”

அவர் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். ஆனால் அன்று அவள் காரை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கட்டி வைத்த சீருடைகள் கொட்டகைக்குள் ஏறிக்கொண்டே போயின. கடைக்காரர் போன் எடுத்தால், “வாறன், வாறன்,” என்றாள். போகவில்லை. முற்றத்தில் நின்ற காரின் மேல் வேப்பம்பூ விழுந்து மூடியது. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளுடைய காதைக் கொண்டுபோனதன் மேல் படுகிற கோபம் பழையது, அது எங்களோடு வீட்டுக்குள்ளேயே இருந்து, சாப்பிட்டு, தூங்கி எழும்புகிறது. இது அதுவல்ல. இவ்வளவுக்குப் பிறகும் அவள் தானாக எழும்பி, தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து, கண்ணாலே ஓடப் பழகி வைத்திருக்க, ஒருவர் வந்து, சும்மா லைற்தானே என்று அதையும் மூடிவிட்டுப் போகிறார். கேட்கிறவர்களுக்கு அது சும்மா லைற். கண் தெரிகிறவனுக்கு ஊன்றுகோலும் சும்மா தடிதான்.

பார்சல் வந்து சேர்ந்தது. சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, நாலு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வால்வு. அதன் அடியில் தீப்பெட்டியை விடச் சிறிய கறுப்புத் துண்டு. இதைப் பூட்டினால் மட்டும் போதாது, காருக்கு அறிமுகம் செய்துவைக்கவும் வேண்டும், அதற்கான மெசின் வவுனியாவில் ஒருவரிடம் இருக்கிறது என்று விசாரித்து அறிந்தோம். “இஞ்சேருங்கோ, வெளிக்கிடுங்கோ,” என்றாள். கிழிந்த ரயருக்குப் பதிலாக வேறொன்று ஏற்கெனவே போட்டாயிற்று. வேப்பம்பூவை விளக்குமாற்றால் தட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தினாள். அங்கே நிறுத்தாமல் போகிற வாகனம் எங்கே இருக்கிறது? தேங்காய் உடைத்தாள். கச்சான் கடலை வாங்கினாள். காருக்குள் வந்து இருந்து, ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, அந்த ஸ்ரிக்கரையே பார்த்தாள்.

“கேட்டிட்டன்,” என்றாள்.

“ஆரை?”

“அவரைத்தான். உங்களுக்கு இது இடமில்லை, நான் எடுக்கப்போறன் எண்டு சொன்னனான். ஒண்டும் சொல்லேல்லை. அப்ப ஓமெண்டுதானே?”

நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, கிழியாமல், பொறுமையாக உரித்தாள். தையல் பிரித்துப் பழகிய கை அது. பிள்ளையார் முழுதாக வந்தார். கச்சான் சுற்றின கடதாசியின் வெள்ளைப் பக்கத்தில் மெதுவாக ஒட்டி, கைப்பைக்குள் வைத்தாள். விளக்கு வெட்டவெளியில் எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மாங்குளம், புளியங்குளம் தாண்டி வவுனியாவுக்கு ஓடினாள். சில்லில் முள் ஏறுகிற சத்தமாவது கேட்கிறதா என்று வழிமுழுக்க நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

வவுனியாக் கடைக்காரர் நடுவயது முஸ்லிம் மனிதர். எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். தான் பெரிய கெட்டிக்காரன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நாங்கள் இறங்குமுன்பே, இந்தப் பக்கத்தில் தன்னை விட்டால் இதை ஒருவராலும் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டார். சொன்னது என்னைப் பார்த்து.

“கார் இவவின்ரை,” என்றேன்.

“சரி தம்பி, சரி.” மறுபடி என்னைப் பார்த்து, “எத்தினையாம் ஆண்டுக் கார்?”

பார்சலில் வந்த ஒன்றை எடுத்து, கையில் அடங்குகிற தன் மெசினின் பக்கத்தில் பிடித்தார். மெசின் ‘கீக்’ என்றது. திரையைப் பார்த்தார். பிறகு ஸ்ரியறிங்குக்குக் கீழே தலையை விட்டு, அங்கிருந்த துளையில் ஒரு வயரைச் சொருகி, உள்ளே கிடந்தபடியே ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினார்.

அவள் காரைத் தட்டினாள். “நானா, வெளியில வந்து கதையுங்கோ. எனக்கு உங்கட வாய் தெரிய வேணும்.”

அவர் தலையை வெளியே எடுத்தார். அவளுடைய காதில் இருந்த மெசினைக் கண்டார். அவருடைய முகத்தில் ஏதோ மாறியது. ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு அவளுக்கு நேரே இருந்தார்.

“தங்கச்சி, இதைக் கேளுங்க. உங்க தம்பி அனுப்பின சாமான் நல்ல சாமான். ஆனா உங்க கார் ஜப்பான் கார். அது ஒரு அலைவரிசையைத்தான் கேக்கும். பிரான்ஸ் சாமான் வேற அலைவரிசையில கதைக்குது. சென்சர் கத்திக்கொண்டிருக்கு, காருக்குக் கேக்குதில்ல.”

அவள் சிரித்தாள். அந்த நாட்களில் முதல் தடவை, நெஞ்சிலிருந்து வந்த சிரிப்பு. “பாவம் கார்,” என்றாள். “என்ரை கார்தான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமையனின் முகமும், கொட்டகைக்குள் ஏறிப்போயிருக்கிற வெள்ளைச் சட்டைகளும் கண்ணுக்கு முன்னால் நின்றன. இனி எங்கே போய், எத்தனை நாள் காத்திருந்து? நல்லகாலம், வேறொரு காருக்கென்று கொழும்பிலிருந்து எடுத்து வைத்த செற் ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு எந்த அலைவரிசையையும் எழுதலாமாம். அந்தக் காருக்குப் பிறகு எடுக்கலாம், இதற்குப் போடுகிறேன் என்றார். தம்பி அனுப்பியவற்றை அவள் கவனமாகத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தாள். அவனிடம் சொல்லவேண்டாம், மனம் நோவான் என்றாள்.

சில்லு ஒவ்வொன்றாகக் கழன்றது. காற்றை இறக்கி, ரயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரித்து, கிளிநொச்சியில் போட்ட ரப்பர் வால்வை அறுத்து எடுத்தார்கள். அந்த ஓட்டைக்குள்ளால் புது வால்வை விட்டு, கறுப்புத் துண்டு ரிம்மின் பள்ளத்தில் பதிந்து கிடக்கிற மாதிரிப் பூட்டினார்கள். நட்டை அளவாக இறுக்க வேண்டும். பலம் காட்டினால் முறிந்துவிடும். ரயரை மறுபடி ஏற்றும்போது மெசினின் கை அந்தத் துண்டில் பட்டால் எல்லாம் போச்சு. நானா இவற்றையெல்லாம் இப்போது அவளைப் பார்த்து, வாயை அளவுக்கு மீறித் திறந்து, சந்தைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொன்னார். “கத்த வேண்டாம் நானா, பாத்துச் சொன்னால் போதும்,” என்றாள். அவர் குரலைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் மறந்து மறுபடி கத்தினார். நாலு சில்லும் பூட்டியாயிற்று. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கைமெசினைப் பிடித்து அதன் இலக்கத்தை வாங்கி, வயரைச் சொருகி, காருக்குள் எழுதினார். இன்ன சில்லு பேசினால் இன்ன இலக்கம், இதை மட்டும் கேள் என்று.

விளக்கு இன்னும் மினுங்கியது.

“ஓடினாத்தான் பிடிக்கும். ஒரு சுத்துப் போய் வருவம்,” என்று நானா பின்சீற்றில் ஏறினார். அவள் ஓடினாள். அவர் பின்னால் இருந்து விடாமல் கதைத்தார், நான் அவள் பக்கம் திரும்பி அவற்றை ஒவ்வொன்றாக வாயால் காட்டினேன். ஓமந்தைப் பக்கம் போகிற பெரிய றோட்டில், வெயில் கண்ணாடியில் கொட்டிக்கொண்டிருக்க, விளக்கு அணைந்தது. சத்தமில்லை, ஒன்றுமில்லை. மூவரும் அந்த இருட்டு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“முடிஞ்சுது,” என்றார் நானா.

“முடியேல்லை,” என்றாள். கடைக்கு வந்ததும் இறங்கி, இடது பின் சில்லைக் காட்டினாள். “இதில காத்தை இறக்குங்கோ. எரியுதோ பாப்பம்.”

நானாவின் முகம் விழுந்தது. “தங்கச்சி, நான் போட்டா வேலை செய்யும். என்னை நம்பலாம்.”

“நம்பிக்கைக்கு ஒருத்தர் ஏற்கெனவே காருக்குள்ள இருந்தவர் நானா. காலமைதான் எடுத்தனான்.”

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். விளக்கு, ஸ்ரிக்கர், காடு, கை காட்டியது எல்லாவற்றையும். மனுசன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கிளிநொச்சிக்காரருக்கு ஒரு நல்ல வசவு கொடுத்தார். அதை இங்கே எழுத முடியாது. பிறகு தானே குந்தி, வால்வுக்குள் ஊசியை அழுத்தினார். காற்று சீறியது. அவள் காருக்குள் இருந்து, இரண்டு கையும் ஸ்ரியறிங்கில், இமைக்காமல் பார்த்தாள்.

மஞ்சள் எரிந்தது.

உள்ளங்கையால் டாஷ்போட்டை இரண்டு முறை தட்டிக் கொடுத்தாள். நன்றாக வளர்ந்த மாட்டைத் தட்டுவது போல.

நானா இறக்கிய காற்றைத் திருப்பி அடித்தார், மஞ்சள் அணைந்தது. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். திரும்பி வரும்போது கிளிநொச்சியில் அவள் திடீரென்று சிக்னல் போட்டு, அந்த ரயர்க் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

“வாங்கோ அண்ணை!” என்றார் முதலாளி.

அவள் அவரைத் தாண்டிப் போனாள். மூலையில் காற்று அடிக்கிற மெசின் உறுமிக்கொண்டு நின்றது. அதன் மேல் வட்டமான மீற்றர், உள்ளே நடுங்குகிற ஊசி. ஓட்டோ ஒன்று காற்றுக்குக் காத்து நின்றது. அவள் கடதாசியிலிருந்து பிள்ளையாரை உரித்தாள். நெற்றியில் கையை வைத்துக் கும்பிட்டாள். மீற்றரின் கண்ணாடியில், ஊசிக்கு நேரே, அழுத்தி ஒட்டினாள்.

“ஐயோ அக்கா, என்ன இது! எவ்வளவு காத்தெண்டு நான் எப்பிடிப் பாக்கிறது?”

“இனி அவர் பாப்பார் தம்பி. நீங்கள் பயப்பிடாமல் அடியுங்கோ.”

“ரயர் வெடிச்சால்?”

“சத்தம் வருமே. கேட்ட உடனை நிப்பாட்ட வேண்டியதுதானே.”

ஓட்டோக்காரர் முதலில் சிரித்தார். பிறகு தன்னுடைய ரயர் என்ற யோசனை வந்து, “அண்ணை, எனக்கு வேண்டாம், நான் வேறை இடத்தில அடிக்கிறன்,” என்று ஓட்டோவை எடுத்தார். முதலாளியின் கை ஸ்ரிக்கர் வரை போனது. அந்தரத்தில் நின்றது. திரும்பி வந்தது. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் கிட்டப் போகவில்லை.

“உரிச்சு எடுங்கோவன்,” என்றாள்.

“பிள்ளையார் அக்கா.”

“ஓம். நானும் அதாலதான் இவ்வளவு நாளும் உரிக்காமல் இருந்தனான்.” இப்போது அவர் அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை அல்ல. “முறிகண்டி கிட்டத்தானே. போய்க் கேட்டிட்டு உரியுங்கோ. நான் அப்பிடித்தான் செய்தனான்.”

காரில் ஏறினோம். அவள் திறப்பைத் திருப்பி ஸ்ராட் பண்ணினாள். முன்னால் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்தன, அந்த மஞ்சளும் எரிந்தது, எல்லாமாக அணைந்தன. றோட்டில் ஏறும்போது அவள் நடுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

“பின்னால கை காட்டுறார்,” என்றாள்.

திரும்பினேன். முதலாளி வாசலுக்கு ஓடிவந்து, பூங்கன்று ரயர்களுக்கு நடுவே நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைக் கண்ணாடியில் இருந்து எடுத்து, அந்த மூலையைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. இன்னொரு தரம் பார்த்து நிச்சயப்படுத்தினாள்.

அதன்பிறகுதான், யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவருக்குத் திருப்பிக் கை காட்டினாள்.